திரையில் காணும் ஆண்மையும் நம் வீட்டுப் பையன்களும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களுக்கு ஒரு காட்சி மறந்திருக்காது. திடலில் இரண்டு கம்புகளை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். பொழுது சாய்வதற்கு முன்பே பிள்ளைகள் பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடித்து வைப்பார்கள். விடிந்தால் பெரட்டுக்குப் போக வேண்டும் என்பதையும் மறந்து, படம் முடியும்வரை உட்கார்ந்திருப்போம். கதாநாயகன் தனி ஆளாகப் பத்துப் பேரை அடித்து வீழ்த்தும்போது விசில் சத்தம் காதைப் பிளக்கும். நகைச்சுவை நடிகர் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

இன்று ரப்பர் மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது. படம் வீட்டுக்குள் வந்துவிட்டது, கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஆனால் நாம் விசிலடிக்கும் இடமும், நாம் சிரிக்கும் இடமும் அதிகம் மாறவில்லை. இன்றைய உரையில் அந்த இரண்டு இடங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஆண் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று சினிமா நமக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுக்கிறது. அந்தப் பாடத்தில், ஆணுக்கும் பாலியல் தொல்லை நேரலாம் என்ற உண்மைக்குச் சரியான இடம் கிடைப்பதில்லை. அந்த உண்மை நம் வீட்டுப் பையனுக்கே நேர்ந்துவிட்டால் அவன் என்ன செய்வான்? யாரிடம் போய்ச் சொல்வான்?

குடும்பத்தோடு அமர்ந்து கேட்கும் வானொலியில் இதைப் பேசலாமா என்று சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். நாம் பேசாமல் இருப்பதால் நன்மை அடைகிறவன் தவறு செய்கிறவன் ஒருவன்தான். ஆகவே பண்பாகப் பேசுவோம். ஆனால் மூடி மறைக்காமல் பேசுவோம்.

முதலில் விசிலடிக்கும் இடத்தைப் பார்ப்போம். நம் படங்களில் கதாநாயகன் பயப்படுவதில்லை. தாய் இறந்தால் அழுவான். நண்பன் இறந்தால் அழுவான். தனக்கு வலித்தது என்று அழ மாட்டான். உதவி கேட்க மாட்டான். அவனை யாரும் அவன் விருப்பத்துக்கு மாறாகத் தொட முடியாது. தொட்டால் தொட்ட கை உடையும். இதைப் பார்த்து வளரும் பையன் தனக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறான். 'ஆம்பளை என்றால் எதிர்த்து அடிக்க வேண்டும். அடிக்க முடியவில்லை என்றால் நான் ஆம்பளை இல்லை' என்பதுதான் அந்தக் கணக்கு.

உடம்பைப் பற்றியும் சினிமா ஒரு பாடம் நடத்துகிறது. நடிகையின் உடலைக் கேமரா மேய்வதைப் பற்றிப் பல காலமாகக் குறை சொல்லி வருகிறோம். அது நியாயமான குறைதான். இப்போது நடிகரின் உடலும் காட்சிப் பொருளாகிவிட்டது. 2008-இல் வெளிவந்த 'வாரணம் ஆயிரம்' படத்தில் சூர்யா கட்டுக்கட்டாக மடிந்த வயிற்றோடு தோன்றினார். 'சிக்ஸ் பேக்' என்ற சொல் ஊர் முழுதும் பரவியது. அந்தக் கதையில், போதைப் பழக்கத்தில் விழுந்த இளைஞன் மீண்டு எழுவதற்கு உடற்பயிற்சி துணை செய்கிறது. அது நல்ல செய்திதான். ஆனால் பல பையன்கள் எடுத்துக்கொண்டது அந்தச் செய்தியை அல்ல, அந்த வயிற்றை மட்டுமே. ஒரு நடிகர் பயிற்சியாளரை வைத்துக்கொண்டு, உணவைக் கட்டுப்படுத்தி, ஒரு படத்துக்காக உருவாக்கிய உடம்பு அது. பள்ளிக்கூடம் போகும் பையனின் உடம்பை அதோடு ஒப்பிட்டு, 'ஒல்லிப்பிச்சான்', 'குண்டன்' என்று கேலி செய்கிறோம். ஆணின் உடலும் பிறர் பார்த்து மதிப்புப் போடுவதற்கான பொருள்தான் என்று நாமே அவனுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்.

இனி, சிரிக்கும் இடத்துக்கு வருவோம். நகைச்சுவை நடிகர் சிறைக்குப் போகிறார். அங்கே முரட்டுக் கைதி ஒருவன் அவரைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரிக்கிறான். கதவு மூடுகிறது. மறுநாள் நடிகர் நொண்டிக்கொண்டு வருகிறார். நாம் கைகொட்டிச் சிரிக்கிறோம். இதுபோன்ற காட்சியை எத்தனை படங்களில் பார்த்திருக்கிறோம்! நொண்டிக்கொண்டு வந்தது ஒரு பெண்ணாக இருந்தால் சிரித்திருப்போமா? வாய் பொத்தி அழுதிருப்போம். ஆண் என்பதால் அதே கொடுமை நகைச்சுவை ஆகிவிடுகிறது.

2015-இல் வந்த 'ஐ' படத்தை எடுத்துக்கொள்வோம். கதாநாயகன் உடற்கட்டுப் போட்டியில் பங்குபெறும் இளைஞன். பிறகு விளம்பர நடிகனாகிறான். அவனை அழகுபடுத்தும் ஒப்பனைக் கலைஞர் அவன்மீது ஆசை கொண்டு பின்தொடர்கிறார். வேண்டாம் என்று அவன் விலகுவது படத்தில் சிரிப்புக்கு உரியதாகக் காட்டப்படுகிறது. அந்த ஒப்பனைக் கலைஞர் திருநங்கை. திருநங்கையரை இழிவாகக் காட்டியதாக அந்தப் படத்துக்குத் தமிழ்நாட்டில் அப்போதே எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது. ஒரே காட்சியில் இரண்டு தவறுகள் நடந்துவிடுகின்றன. ஒரு சமூகத்தையே தொல்லை செய்கிறவர்களாகக் காட்டுவது ஒன்று. 'வேண்டாம்' என்று சொல்லும் ஆணின் சங்கடத்தை வேடிக்கையாக்குவது மற்றொன்று.

இதைச் சிரிப்பாகக் காட்டாத படங்களே இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. பாரதிராஜா இயக்கி 1978-இல் வெளிவந்த 'சிகப்பு ரோஜாக்கள்' நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். கமல்ஹாசன் நடித்தது. பெண்களைத் தேடிக் கொல்லும் ஒருவனின் கதை. அவன் ஏன் அப்படி ஆனான் என்பதற்குப் படம் ஒரு காரணம் சொல்கிறது. ஆதரவற்ற சிறுவனாக அவன் அண்டியிருந்த வீட்டில், அந்த வீட்டுப் பெண் அவனைத் தகாத முறையில் நெருங்குகிறாள். பெரியவர்கள் வந்ததும் பழியை அவன்மேல் போடுகிறாள். அடி வாங்கி வெளியேறுகிறவன் அவன்தான்.

அந்தச் சிறுவனின் நிலையைச் சற்று நினைத்துப் பாருங்கள். அவனுக்கு நடந்தது கொடுமை. அதைச் சொல்ல அவனுக்கு வாய்ப்பே தரப்படவில்லை. ஒரு சிறுவனும் இப்படிப் பாதிக்கப்படலாம் என்று நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்த் திரை காட்டியிருக்கிறது. ஆனால் அதன் பிறகு படம் செய்தது என்ன? அவனைக் கொலைகாரனாக்கிவிட்டது. பாதிக்கப்பட்ட பையன் பெண்களை வெறுக்கும் மிருகமாக வளருவான் என்ற எண்ணத்தை நம் மனத்தில் விதைத்துவிட்டது.

அது உண்மையன்று. சிறு வயதில் பாலியல் தொல்லைக்கு ஆளான பையன்களில் மிகப் பெரும்பாலோர் பிறருக்குத் தீங்கு செய்கிறவர்களாக மாறுவதில்லை. வேலைக்குப் போகிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள், நமக்கு நடுவே நம்மைப் போலவே வாழ்கிறார்கள். சிலருக்குத் தூக்கம் வராது. சிலர் குடியில் அதை மறக்கப் பார்க்கிறார்கள். பலர் மனைவியிடம்கூடச் சொல்லாமல் சுமக்கிறார்கள். 'சொன்னால் என்னையும் கெட்டவன் என்று நினைப்பார்களோ' என்ற அச்சமும் அவர்கள் வாயை அடைக்கிறது. திரையில் கேலிப்பொருளாகவோ கொலைகாரனாகவோ மட்டுமே வந்தால், பாதிக்கப்பட்ட ஆண் தன்னை எந்த இடத்தில் வைத்துப் பார்ப்பான்?

இது எங்கோ ஒன்றிரண்டு பேருக்கு நடப்பது என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சு 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 சிறாரிடம் கேட்டறிந்த ஆய்வு அது. ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 53 பேர். அப்படிச் சொன்னவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் சிறுவர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2012-இல், இந்தியா கொண்டுவந்த போக்சோ சட்டம் ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்ற வேறுபாடு இல்லாமல் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் காக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு நேரும் கொடுமையை இது குறைத்துவிடாது. வளர்ந்த பெண்கள் படும் தொல்லை மிகப் பெரியது. தொல்லை தருகிறவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்தான். பெண்பிள்ளைக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கைக் குறைத்து ஆண்பிள்ளைக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. இருவருக்கும் முழு அக்கறை தேவை என்றே சொல்கிறோம்.

நம் முன்னோர் சொன்ன ஒரு பழமொழி உண்டு. 'முள்ளில் சேலை பட்டாலும், சேலையில் முள் பட்டாலும், கிழிவது சேலைதான்.' பெண்பிள்ளைகளை எச்சரிக்கச் சொன்னது. கிழித்த முள்ளை விட்டுவிட்டு, கிழிந்த சேலைக்கே புத்தி சொல்கிற பழமொழி இது. அதோடு இன்னொன்றையும் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. வேட்டிக்கும் சட்டைக்கும் ஒன்றும் ஆகாதாம்! பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். முள்ளுக்கு வேட்டி, சேலை என்ற வேறுபாடு கிடையாது.

ஒரு வீட்டை மனத்தில் நினைத்துக்கொள்வோம். பதினொரு வயதுப் பையன். பெற்றோர் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள். குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் பையனைத் தம் மோட்டாரில் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வருவார். பலகாரம் வாங்கிக் கொடுப்பார். ஒருநாள் பையன் சொல்கிறான்:

"அப்பா, இனிமே நான் அந்த மாமாவோட போகல."

"ஏன்டா? உனக்கு எவ்வளவு செய்றாரு!"

"பிடிக்கலப்பா. கையெல்லாம் வைக்கிறாரு."

"ஆம்பளப் பையனுக்கு என்னடா வெக்கம்? போடா!"

அப்பா கெட்டவர் இல்லை. களைத்து வந்திருக்கிறார். பையன் சொன்னது அவர் காதில் விழுந்தது. ஆனால் மனத்தில் பதியவில்லை. ஆண்பிள்ளைக்கு இப்படி நேரும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. அன்றிரவு தொலைக்காட்சியில் அந்தச் சிறைக் காட்சி வருகிறது. வீடே சிரிக்கிறது. பையன் மட்டும் சிரிக்கவில்லை. 'இதைச் சொன்னால் இப்படித்தான் சிரிப்பார்கள்' என்று அவன் முடிவு செய்துகொள்கிறான். அதன் பிறகு அவன் எதையும் சொல்வதில்லை. படிப்பில் மனம் போவதில்லை. காரணமில்லாமல் சண்டை போடுகிறான், படுக்கை நனைகிறது. 'கெட்டுப் போயிட்டான்' என்று நாம் பிரம்பை எடுக்கிறோம்.

நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட 'ஜகாட்' என்ற தமிழ்ப் படத்தை இந்த இடத்தில் நினைக்கத் தோன்றுகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்தது; 2016-ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. 1990-களின் தொடக்கத்தில், தோட்ட வாழ்க்கை குலைந்து வெளியேறிய நம்மவர் குடும்பம் ஒன்றின் கதை. அப்போய் என்ற பையன் குறும்புக்காரன், கற்பனை மிக்கவன். படித்து முன்னேற வேண்டும் என்று தந்தை கண்டிக்கிறார், அடிக்கிறார். வீட்டில் அடி, வெளியே குண்டர் கும்பலின் மிடுக்கு என்று அவன் நடுவில் நிற்கிறான். பாலியல் தொல்லையைப் பற்றிய படமல்ல அது. ஆனால் அன்பு உள்ள தந்தையிடமே பையனால் மனம்விட்டுப் பேச முடியாமல் போவதை அது நன்றாகக் காட்டுகிறது. அந்த வீடு நமக்குத் தெரிந்த வீடுதான்.

பாதிக்கப்பட்ட ஆணை மரியாதையோடு காட்டும் படமும் உண்டு. 2015-இல் வந்த 'ஸ்பாட்லைட்' என்ற அமெரிக்கப் படம், சிறந்த படத்துக்கான ஆஸ்கார் விருது பெற்றது. பாஸ்டன் நகரில் மதகுருமார் சிலர் சிறாரிடம் தகாத முறையில் நடந்துகொண்டதையும், அது பல ஆண்டுகள் மறைக்கப்பட்டதையும் அந்த ஊர்ப் பத்திரிகை ஒன்று 2002-இல் வெளிக்கொண்டு வந்தது. அந்த உண்மைச் சம்பவமே கதை. சிறுவயதில் நடந்ததை வளர்ந்த ஆண்கள் தட்டுத் தடுமாறிச் சொல்கிறார்கள். நிருபர்கள் சிரிப்பதில்லை, 'நீ ஏன் ஓடவில்லை?' என்று கேட்பதில்லை. அவசரப்படுத்தாமல் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். அங்கே சண்டைக்காட்சி இல்லை. கேட்பதற்கு ஆள் இருந்தது. அதனால் உண்மை வெளிவந்தது.

பெற்றோர்களே, நாமும் அப்படிக் கேட்கப் பழக வேண்டும். அதற்குச் சில செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்வோம்.

பையன் கத்தவில்லை, ஓடவில்லை என்பதால் அவன் சம்மதித்தான் என்று பொருளில்லை. பெரும் அச்சம் வரும்போது உடம்பு அப்படியே உறைந்து நின்றுவிடும். வளர்ந்த ஆண்களுக்கும் அப்படித்தான். தொட்டால் உடம்பு தானாகக் காட்டும் மாற்றமும் சம்மதம் ஆகாது. இது தெரியாமல், 'தப்பு என்மேல்தானோ' என்று எத்தனையோ பையன்கள் உள்ளுக்குள்ளே வெந்துபோகிறார்கள். தொல்லை தந்தது பெண்ணாக இருந்தால், 'அதிர்ஷ்டக்காரன்டா நீ' என்று சொல்லிச் சிரிப்பதும் கொடுமையே. சிறுவனுக்கு அது அதிர்ஷ்டம் இல்லை, தீங்கு.

பிள்ளை வந்து சொன்னால் முதலில் நம்புங்கள். "நீ சொன்னது நல்லதுய்யா. தப்பு உன்மேல இல்ல. நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விசாரித்து அவனை வதைக்க வேண்டாம். கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பவும் வேண்டாம். அது சினிமாத் தந்தை செய்கிற வேலை. நாம் சிறைக்குப் போய்விட்டால் பிள்ளைக்குத் துணை யார்?

சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. மலேசியாவில் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டம் 2017-இல் வந்தது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. பாலியல் நோக்கத்தோடு சிறாரைத் தொட்டால் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் கிடைக்கலாம். தொடாமல், தகாத பேச்சும் சைகையும் காட்டினாலும் குற்றம்தான். குற்றம் செய்தவர் ஆணா பெண்ணா என்று சட்டம் பார்ப்பதில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இப்படி நடந்தது தெரிந்தும் போலீசில் சொல்லாமல் மறைத்தால், மறைத்தவருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். 'குடும்ப மானம் போய்விடும், நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

வேலை செய்யும் ஆண்களும் தொல்லைக்கு ஆளாகலாம். 2022-ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் ஆண் பெண் பாராமல் அனைவருக்கும் பொருந்தும். அதன்படி அமைந்த தீர்ப்பாயத்தில் ஆணும் புகார் கொடுக்கலாம். அண்டை நாடான சிங்கப்பூரில், 2020 சனவரி முதல் பாலியல் வல்லுறவு பற்றிய சட்டப் பிரிவு விரிவாக்கப்பட்டு, ஆண்களும் அதில் பாதிக்கப்பட்டவர்களாக ஏற்கப்படுகிறார்கள்.

உதவிக்கு 15999 என்ற தாலியான் காசே எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அருகிலுள்ள போலீஸ் நிலையத்தில் புகார் செய்யலாம். பெரிய அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பிள்ளையை அழைத்துச் சென்றால், தனி அறையில் வைத்துப் பரிசோதித்து வேண்டிய உதவிகளைச் செய்வார்கள். நடந்து ஓரிரு நாள்தான் ஆகிறது என்றால், குளிப்பாட்டாமல், உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் கொண்டுசெல்வது நல்லது.

இதையெல்லாம் சொல்வதால் சினிமாவே பார்க்கக் கூடாது என்று சொல்லவில்லை. உழைத்துக் களைத்தவர்களுக்குப் படம் ஒரு மருந்து. பார்ப்போம், பிள்ளைகளோடு சேர்ந்தே பார்ப்போம். ஆனால் அப்படி ஒரு காட்சி வரும்போது நாம் சிரிக்காமல் இருக்கலாம். "இதுல சிரிக்க என்ன இருக்கு? பாவம், அவனுக்கு எப்படி இருந்திருக்கும்!" என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பையன் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அழும்போது, 'பொம்பளை மாதிரி அழாதே' என்பதை விட்டுவிட்டு, 'வலிக்குதா, வா' என்று கூப்பிடலாம். சின்ன வலியைச் சொல்லப் பழகிய பிள்ளைதான் பெரிய வலியையும் நம்மிடம் வந்து சொல்லும்.

இன்றிரவு உங்கள் வீட்டில் படம் ஓடலாம். எல்லாரும் சிரிக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பையனின் முகத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவன் சிரிக்காமல் இருந்தால், படம் முடிந்ததும் அவனோடு வாசலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். எதுவும் கேட்க வேண்டாம். அவனாகப் பேசும்வரை பக்கத்தில் இருந்தாலே போதும்.